மைதானத்துத் தண்ணீர் போன வழி

மைதானத்தில் மழை பெய்தால், தண்ணீர் வெளியேறியது குழாய்க்காரரின் கால் வழியாகத்தான். புல்லுக்கு அடியில் வடிகால் பதித்தவர் அவர்தான். பள்ளம் தோண்டி, ஜல்லி பரப்பி, துளை போட்ட குழாய்களை வாட்டம் பார்த்து வரிசையாக இறக்கினார், எல்லாம் சரி. ஆனால் கடைசிக் குழாய்க்கும் சாக்கடைத் தொட்டிக்கும் நடுவில் மூன்றடி குறைந்தது. சுருட்டிக் கொண்டுவந்து இறக்கிய புல்லோ வெயிலில் பழுக்க ஆரம்பித்திருந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மண்ணைத் தள்ளி மூடினார், புல்லை விரித்தார், தொட்டியோடு இணைத்தாயிற்று என்று கையெழுத்தும் போட்டார். அந்த அப்புறம் ஏழு வருடமாக வரவில்லை.

முதல் மழையில் மைதானம் அரை மணி நேரத்தில் வடிந்துவிட, ஊரே அவரை மெச்சியது. அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதத்திலிருந்து புல் நுனியும் கோடு போட்ட சுண்ணாம்பும் கலந்த தண்ணீர் பெருகி அடுப்படி வரை போனது.

“என்னங்க இது?” என்றாள் மனைவி.

“வேர்வை” என்றார்.

அவள் துடைப்பத்தை எடுத்துத் தள்ளினாளே தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. பாராட்டுக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள்; வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டார். அதன்பிறகு வானத்தைப் பார்க்காமல் எந்த வீட்டுப் படியும் ஏறியதில்லை.

ஒன்பது வயதில் கையுறை மாட்டிய மகள், பதினாறில் அதே மைதானத்து அணிக்குக் கோல்கீப்பர். ஓர் ஆட்டத்துக்கும் அவர் போனதில்லை. இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் அவள் கேட்டேவிட்டாள்: “நான் விளையாடறதைப் பார்க்க உங்களுக்கு அவமானமா இருக்காப்பா?”

மறுநாள் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அவர் போய் கேலரியின் மேல் வரிசையில் உட்கார்ந்தார். செருப்பிலிருந்து தண்ணீர் படிப்படியாக இறங்க, கீழே இருந்தவர்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். இடைவேளையில் மகள் ஓடிவந்தாள்.

“கடைசிக் குழாயை நான் சேர்க்கவே இல்லம்மா. பொய்க் கையெழுத்து போட்டேன்” என்றார், அத்தனை பேர் முன்னாலும். மானம் போயிற்று. காது வரை எரிந்தது.

“இதுக்காப்பா வரல?” என்று அவள் அழுதாள். “என்னாலன்னு நெனச்சேன்.”

அதைக் கேட்டபோதுதான் அவருக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் அவரே தோண்டி, மூன்றடிக் குழாயைப் பொருத்தினார். அடுத்த மழையிலும் தொட்டி காய்ந்தே கிடந்தது. தண்ணீருக்கு இவர் வழி பழகிவிட்டிருந்தது. ஆகவே கோல் கம்பத்துக்குப் பின்னால், சாக்கடை ஓரமாக, அவருக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். மழை நாட்களில் அவர் தலையைக் குனிந்தபடி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்த பிறகுதான் நடுவர் விசில் ஊதுகிறார்.