மாஸ்டர் நம்பர்

போனுக்குப் பாகம் செய்கிற கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. போச்சம்பள்ளி தொழிற்பேட்டையில் எட்டு மணி நேரம் நின்றபடி ஊர் உலகத்துக்கெல்லாம் போன் மாட்டித் தருகிற பெண்கள், தங்கள் போனை வாசல் லாக்கரில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வீட்டில் யாருக்கு என்ன ஆனாலும் டீ இடைவேளையில்தான் தெரியும். இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டால் மேலே இருப்பவர்கள் பாதுகாப்பு என்பார்கள். நமக்கு அது புரியாது, விட்டுவிடலாம்.

அதனால் அந்தக் கம்பெனியின் ஆட்டக் குழுவில் ஒரு பழக்கம் வந்திருந்தது. வங்கிக் கணக்கோ, போட்டிக்கான விண்ணப்பமோ, எதுவானாலும் தொடர்பு எண் என்ற கட்டத்தில் எட்டுப் பேரும் முனிராஜ் மாஸ்டரின் நம்பரையே எழுதுவார்கள். குழுவுக்கு ஆட்டம் சொல்லித்தருகிற முனிராஜ், கம்பெனியில் பஸ் இன்சார்ஜ். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பதுதான் அவர் உத்தியோகம், போன் காதை விட்டு இறங்காது. யாருக்கு எந்தத் தகவல் வந்தாலும் குறித்துவைத்து, ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களிடம் பஸ் படியில் நின்று சொல்லிவிடுவார். குழுவில் ஒருத்தியான மாதேஸ்வரிக்குத் தன் நம்பர் சில நேரம் மறந்துபோகும். மாஸ்டர் நம்பர் மறந்ததே இல்லை.

கல்லாவிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. விடுதி மொட்டைமாடியில் துணி காயப்போடும் கயிற்றுக்கு நடுவே தனியாக ஆடிக்கொண்டிருந்தவளை, பக்கத்துக் கட்டில் ப்ரீதாதான் பார்த்தாள். பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருந்தால் கதையே இல்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழுவின் நடுவில் நிறுத்தினாள்.

எல்லோரும் ஓடி ஒளிகிற சி ஷிஃப்ட்டை, அதாவது ராத்திரி வேலையை, இந்த எட்டுப் பேரும் கேட்டு வாங்கிக்கொண்டவர்கள். காலை ஆறு மணிக்கு வேலை முடியும். ஏழு மணிக்குக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ஆடிக்கொண்டிருப்பார்கள். முகூர்த்த நாளில் மட்டும் விடுமுறை. கம்பெனித் தரையில் மிஷின் நிற்கும் இடத்தைக் குறிக்க ஒட்டுகிற மஞ்சள் டேப்பில் கொஞ்சம் கொண்டுவந்து, கூடத்துத் தரையில் எட்டுக் கட்டம் ஒட்டியிருந்தார் முனிராஜ். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். மாஸ்டருடையது ஒன்று, மாதேஸ்வரியுடையது நாலு. கடைசி அடவில் மற்ற ஏழு பேரும் சேர்ந்து நாலாம் நம்பரைத் தலைக்கு மேலே தூக்குவார்கள். கீழே பதினான்கு கை இருக்கிறது என்ற தைரியத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் சாய்வாள்.

அவர்கள் அவளுக்குச் செய்தது கொஞ்சநஞ்சமில்லை. மேடையில் ஆடுகிற பெண்ணை எவன் கட்டுவான் என்று நின்ற அவள் அப்பா கங்கப்பனைச் சமாதானப்படுத்த முனிராஜ் மூன்று தடவை கல்லாவிக்கு பைக் விட்டார். மூன்றாவது தடவை கங்கப்பனே காபி போடச் சொன்னார். முழங்கால் வீங்கியபோது கூட ஆடுகிற வெஸ்லின் தன்னுடைய முட்டி உறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஒரு மாதம் காலைத் தேய்த்துக்கொண்டு ஆடினான். காய்ச்சலில் கிடந்த பத்து நாளும் ப்ரீதா கஞ்சி ஊட்டினாள். பெற்றவர்கள் செய்வார்கள் என்போம். எல்லாப் பெற்றவர்களும் செய்வதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் பெங்களூரில் ஒரு நடனக் குழு ஆள் எடுத்தது. நாடெல்லாம் போய் ஆடுகிற பெரிய குழு. முனிராஜே அவளை அழைத்துப் போனார். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இட்லி வாங்கிக் கொடுத்து, தைரியம் சொல்லி, மண்டப வாசலில் நாலு மணி நேரம் நின்றார். ஆடி முடித்து விண்ணப்பத்தில் வழக்கம்போல மாஸ்டர் நம்பரை எழுதினாள். பத்து நாளில் கூப்பிடுகிறோம் என்றார்கள்.

கூப்பிடவில்லை. பத்து நாள் இருபதாகி, இரண்டு மாதமானது. ஒவ்வொரு காலையும் பஸ் படியில் மாஸ்டர் முகத்தைப் பார்ப்பாள். அவர் தலையை ஆட்டுவார், இல்லை என்று. ஒருநாள் பஸ்ஸிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. குழு மொத்தமும் அவளைத் தூங்கவிடாமல் கிருஷ்ணகிரி அணைக்குக் கூட்டிப்போனது. சுடச்சுட மீன் வறுவல். முனிராஜ் முள் எடுத்து அவள் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார். "அவங்களுக்குக் கண்ணு இல்லடி" என்று ப்ரீதா அவள் தோளில் கைபோட்டாள். பிறகு கண்ணை மூடி, அடுத்த முறையாவது இவளுக்கு வழி திறக்க வேண்டும் என்று வாய்விட்டு ஜெபம் பண்ணினாள். தோற்றுப்போன நாளிலேயே இப்படித் தாங்குகிறவர்கள் இருந்தால் ஜெயித்து என்ன ஆகப்போகிறது என்று மாதேஸ்வரி நினைத்தாள். தன் வாழ்க்கையில் நல்ல நாள் எது என்று யாராவது கேட்டால் அந்த அணைக்கட்டு நாளைத்தான் சொல்வாள்.

அடுத்த மாதம் சேலத்தில் குழுப் போட்டி. எட்டுப் பேர் பெயர் கொடுத்திருந்தார்கள், ஒரு ஆள் குறைந்தாலும் மேடை ஏற முடியாது. அந்த வருத்தத்தோடேயே நாலாம் இடத்தில் நின்று ஆடினாள். இரண்டாம் பரிசு வந்தது. கோப்பையை முதலில் அவள் கையில்தான் கொடுத்தார்கள்.

இதெல்லாம் போன வியாழக்கிழமை வரைக்கும்.

வியாழக்கிழமை அதே பெங்களூர்க் குழு மறுபடி ஆள் எடுத்தது. இந்த முறை மாதேஸ்வரி தனியாகப் போனாள். ஆடி முடித்ததும் உடனே எடுத்துக்கொண்டார்கள். சந்தோஷத்தில் கால் தரையில் பாவாமல் நின்றவளை, மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"மதுவெ ஆய்த்தா?" என்று கேட்டார்.

கல்யாணம் ஆகிவிட்டதா என்று எதற்குக் கேட்கிறார் என மாதேஸ்வரிக்கு விளங்கவில்லை. இல்லை என்றாள். அந்த அம்மாள் பழைய கோப்பு ஒன்றைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். அவளுடைய விண்ணப்பம், அவள் புகைப்படம். மேலே 'தேர்வு' என்று எழுதியிருந்தது. ஓரத்தில் மூன்று தேதிகள், மூன்று தடவை கூப்பிட்டதற்கு. கடைசித் தேதிக்குக் கீழே, கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, வர விருப்பமில்லை, அண்ணன் சொன்னார் என்று குறித்திருந்தார்கள். அவளுக்கு அண்ணன் கிடையாது. கூப்பிட்ட நம்பரைப் படித்துப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை.

ஊர் திரும்புகிற பஸ்ஸில் அவள் அழவில்லை. சூளகிரி வரைக்கும், மாஸ்டர் ஒருத்தர்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஒரு ஆள் செய்த துரோகத்தைத் தாங்கிக்கொள்ளலாம், மிச்சம் ஆறு பேர் இருக்கிறார்கள். குருபரப்பள்ளி தாண்டுகிறபோது ப்ரீதாவிடம் மட்டும் சொல்லி அழுவது என்று முடிவு செய்தாள்.

இரண்டு நாள் கல்லாவியில் இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தாள். அன்று அவளை வழியனுப்பும் நாள். குழுவை விட்டுப் போகிறவர்களுக்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. தன் கட்டத்தில் நின்று எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டும். பிறகு தன் டேப்பைத் தானே உரித்தெடுத்து, அந்த இடத்துக்கு வருகிறவளிடம் ஒரே ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போக வேண்டும். முன்னே போனவர்கள், முட்டியை மடக்கி இறங்கு, ஆட்டத்துக்கு முன் வயிறு முட்டச் சாப்பிடாதே என்றெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். எடுத்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில், பெங்களூர் போவதற்கு முன்பே மாதேஸ்வரி நன்றியை இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தாள்.

மண்டப வாசலில் ப்ரீதா மல்லிகைச் சரத்தோடு காத்திருந்தாள். மாதேஸ்வரி அவளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப்போனாள்.

"ப்ரீதா, ரெண்டு வருசம் முன்னாடி பெங்களூர்ல என்னைய எடுத்துட்டாங்களாம். மாஸ்டர் வேணாம்னு சொல்லிட்டாராம்."

ப்ரீதா ஆச்சரியப்படுவாள் என்று எதிர்பார்த்தாள். ப்ரீதாவோ கையிலிருந்த சரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்டி."

"வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

"எல்லாருக்கும். போன் வந்தன்னிக்கு நீ ஓவர்டைம்ல இருந்த. மாஸ்டர் பஸ்ல எங்ககிட்ட சொன்னாரு. நீ போயிட்டா சேலம் போக முடியாது, எட்டுப் பேர் கணக்கு. எத்தினி வருசமா ஆசப்பட்டோம்னு உனக்கே தெரியும். சொல்லலாமா வேணாமான்னு அவரு கை தூக்கச் சொன்னாரு."

"சொல்லலாம்னு எத்தினி பேர் தூக்கினாங்கோ?"

ப்ரீதா சரத்திலிருந்து ஒரு பூவை உருவினாள்.

"ஒருத்தர் கூடவா இல்ல?"

"நானும் வேணாம்னுதான் தூக்கினேன் மாது. நீ போயிட்டா நான் தனியா இருப்பேனேன்னு நெனச்சிட்டேன்."

"அணைக்கட்டுல ஜெபம் பண்ணியே."

"அது நெசமாத்தான்டி பண்ணேன்."

நிஜமாகத்தான் பண்ணியிருப்பாள். அதுதான் மாதேஸ்வரிக்குத் தாங்கவில்லை. பொய்யாகப் பண்ணியிருந்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருக்கலாம். கஞ்சி ஊட்டியதும் நிஜம், கையைத் தூக்கியதும் நிஜம் என்றால் எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கி எறிவது. அவள் சரத்தை வாங்கிக்கொள்ளாமல் உள்ளே போனாள்.

முனிராஜ் புதுச் சட்டை போட்டிருந்தார். சேலத்துக் கோப்பையைத் துடைத்து மேசையில் வைத்து, அதற்கு ஒரு மாலையும் போட்டிருந்தார். "நம்ம மாது இனிமே பெங்களூர்க்காரி. நாம வளத்த புள்ள" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தி, துடைத்த கோப்பையையே மறுபடி துடைத்தார். நடிப்பு இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். ஓரத்தில் அடுத்த நாலாம் நம்பர், போன மாதம் வேலைக்குச் சேர்ந்த முத்துமணி, கைகட்டி நின்றாள்.

மாதேஸ்வரி தன் கட்டத்தில் ஏறி நின்றாள். எழுதி வைத்த தாளை வெளியே எடுக்கவில்லை.

"மாஸ்டர், எங்கப்பாகிட்ட மூணு தடவ வந்து பேசினீங்க. அதுக்கு நன்றி. வெஸ்லின், உன் முட்டி உறை இன்னும் என்கிட்டதான் இருக்குது. ப்ரீதா, நீ ஊட்டலைன்னா அந்தக் காய்ச்சல்ல நான் எழுந்திருக்க மாட்டேன். எனக்கு ஆட்டம்னு ஒண்ணு வந்துதுன்னா அது உங்களாலதான். இதை நான் எங்க போனாலும் சொல்லுவேன்." குரல் நடுங்காமல் இருந்தது அவளுக்கே அதிசயமாக இருந்தது. "அணைக்கட்டுக்குக் கூட்டிப்போய் மீன் வாங்கிக் குடுத்தீங்க. மாஸ்டர் முள்ளு எடுத்துக் குடுத்தாரு. அன்னிக்கு ஏன் எல்லாரும் என்னை அப்படிப் பாத்துக்கிட்டீங்கன்னு வியாழக்கிழமைதான் தெரிஞ்சுது."

முனிராஜ் ஒரு அடி முன்னால் வந்தார்.

"மாது, கப்பு வாங்கினப்புறம் சொல்லிடலாம்னுதான் இருந்தோம்மா. அப்புறம் எப்படிச் சொல்றதுன்னே தெரியல. நீ வேற சிரிச்சிக்கிட்டு இருந்த."

"பஸ்ல கை தூக்கினீங்களாம். நான் பாக்கல மாஸ்டர். இப்ப ஒருவாட்டி தூக்குங்க."

"அது வேணாம்மா."

"நான் நன்றி சொல்லிட்டேன். நீங்க இத பண்ணுங்க."

முதலில் ப்ரீதா கண்ணைத் துடைத்துக்கொண்டு கையைத் தூக்கினாள். அடுத்து வெஸ்லின். ஒவ்வொன்றாக மேலே வந்தன. கடைசியாக முனிராஜின் கை, தோளுக்கு மேல் போக மாட்டாமல் நின்றது. மாதேஸ்வரி எல்லாக் கையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எந்தக் கை எந்த இடத்தில் தன் முதுகைத் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை வருடம் கண்ணை மூடிக்கொண்டு இந்தக் கைகளின் மேல்தான் சாய்ந்திருக்கிறாள்.

"போதும், இறக்குங்க" என்றாள்.

குனிந்து மஞ்சள் டேப்பை உரித்தாள். ஒரு மூலை கிழிந்து தரையோடு நின்றது. அதை நகத்தால் சுரண்டி எடுத்து, எல்லாவற்றையும் உருட்டி மேசையில் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். முத்துமணி தயங்கித் தயங்கி வந்து எதிரே நின்றாள். யோசனை சொல்ல வேண்டும்.

"உன்கிட்ட போன் இருக்குதா?"

"இருக்குதுக்கா. ஆனா லாக்கர்லயே கெடக்கும். அதனால மாஸ்டர் நம்பரத்தான் குடுக்கச் சொன்னாங்கோ."

"லாக்கர்ல கெடந்தா கெடக்கட்டும்" என்றாள் மாதேஸ்வரி. "எந்த ஃபார்ம்லயும் உன் நம்பரையே எழுது."

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, யாரும் வழி மறிப்பதற்குள் வெளியே வந்தாள். ஓசூர் பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து, பெங்களூரில் கொடுக்க வேண்டிய புது விண்ணப்பத்தை மடியில் விரித்தாள். தொடர்பு எண் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா தானாக ஓடியது. ஏழு இலக்கம் எழுதிய பிறகுதான் அது யாருடைய நம்பர் என்று பார்த்தாள்.