காளை செதுக்கிய சம்பு

எனக்குக் கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவேன். எதிரே நிற்பவர் முகம் மங்கலாகத் தெரிந்தால் திட்டுவது சுலபம். அன்று காலை காளையின் சாயப்பட்டறைக்குப் பின்னால் போய் நின்றதுமே கண்ணாடி கைக்கு வந்துவிட்டது.

எப்படி வராமல் இருக்கும்? நான்கு மாதம் நான் பிள்ளையைப் போல் பார்த்துக்கொண்ட சம்புக் கோரை அத்தனையும் மொட்டையாகக் கிடந்தது. பாத்தியைச் சுற்றிப் பிளீச்சிங் பவுடரால் நேராக ஒரு கோடு. கல்லுக்கெல்லாம் வெள்ளையடித்திருந்தது. சாணி தெளித்து, தேர்க் கோலம் வேறு. கோலத்துக்குப் பக்கத்தில் காளை வெள்ளைச் சட்டையும் திருநீறுமாக, பரிசு வாங்கப் போகிறவர் போல நின்றுகொண்டிருந்தார்.

இந்தக் கூத்தின் முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் சாவித்ரி. வீடு திருநகர். ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். காளை நாகமலைக்கு மேற்கே பாதி நிலத்தில் கடலை போட்டுவிட்டு, மீதியில் நூலுக்குச் சாயம் தோய்க்கும் பட்டறை வைத்திருப்பவர். பன்னிரண்டு பெண்கள் அங்கே வேலை செய்தார்கள். தோய்த்து மிஞ்சிய தண்ணீரைப் பின்னால் ஒரு குழியில் விட்டுக்கொண்டிருந்தார். அது மண்ணுக்குள் இறங்கி, பக்கத்து வயலில் அவருடைய அயித்தை ஒச்சாயியின் கிணற்றில் போய்ச் சிவப்பாக ஊறியது. ஒச்சாயி பொறுத்துப் போகிற ரகம் இல்லை. கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, தல்லாகுளத்தில் மாசுத் தடுப்பு ஆபீசுக்குப் போய் ஆபீசர் மேஜைமேல் வைத்து மனுக் கொடுத்துவிட்டு வந்தார். எண்பத்து மூன்றாம் வருஷப் புரட்டாசி அது. மாசிக்குள் கழிவுத் தண்ணீர் தெளிவாக வெளியேறாவிட்டால் பட்டறைக்குப் பூட்டு என்று காளைக்குக் கடிதம் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் மாணவிகளோடு செடி சேகரிக்க நான் அந்தப் பக்கம் போனேன். சாயக் குழி வழிந்தோடிய வாய்க்காலில் ஒரு இடத்தில் சம்பு மண்டியிருந்தது. ஆள் உயரம், நுனியில் பழுப்புத் திரி போலப் பூ. அதற்குள் நுழைகிற தண்ணீர் சிவப்பு, தாண்டி வருகிற தண்ணீர் பாதிக்குப் பாதி வெளுப்பு. எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் கல்வாழைக்குத்தான் போகும். அங்கே நாற்றமும் இருக்காது, கொசுவும் குறைவு. அதையே பெரிதாகச் செய்தால் என்ன என்று நான்தான் வாயைக் கொடுத்தேன்.

காளை உடனே பிடித்துக்கொண்டார். நீளமாகப் பள்ளம் வெட்டி, அடியில் களிமண் பூசி, ஜல்லியும் மணலும் நிரப்பி, ஐப்பசி மழையில் சம்பு நட்டோம். சாயத் தண்ணீர் முதலில் ஒரு தொட்டியில் நின்று, காரம் அடங்கி, ஜல்லிக்குள் ஊர்ந்து, மூன்று நாள் கழித்து மறுமுனையில் சொட்டும். நான் சனிக்கிழமைதோறும் இரண்டு பஸ் மாறி வந்து பார்த்தேன். தை பிறந்தபோது சொட்டிய தண்ணீரில் என் கைரேகை தெரிந்தது. சந்தோஷத்தில் அங்கேயே கை தட்டினேன். சாயம் அலசிக்கொண்டிருந்த பெண்களும் என்னவென்று தெரியாமலே சேர்ந்து தட்டினார்கள்.

இப்போது ஆபீசர் வருகிற நாள். சம்பு இல்லை.

"யார் வெட்டினது?" என்றேன்.

"நாந்தான் டீச்சர். நேத்துக் காலையில," என்றார் காளை பெருமையாக. "ஆபீசர் வாராரு. காடு மாதிரிக் கெடந்தா என்ன நெனப்பாரு? கலெக்டர் வந்தப்ப ஊரே இப்படித்தான செதுக்குனுச்சு!"

"அவர் பாக்க வர்றதே அந்தக் காட்டைத்தான்யா!"

காளையின் முகம் எப்படி மாறியது என்று எனக்குத் தெரியாது, கண்ணாடி கையில் இருந்தது. ஆனால் அவர் மெதுவாகக் கோலத்தின் மேலேயே உட்கார்ந்தது தெரிந்தது. அப்போது ஜீப் சத்தம் கேட்டது.

ஆபீசர் ஹாலாஸ்யம் ஒல்லியான மனிதர். வெயிலே இல்லாதபோதும் குடை பிடித்திருந்தார். மொட்டைப் பாத்தியைப் பார்த்தார். மறுமுனையில் இளநீர் நிறத்தில் சொட்டுகிற தண்ணீரைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து ஆகாயத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"செடி வச்சுச் சுத்தம் பண்றோம்னு எழுதியிருந்தீங்க. செடி எங்கே?"

"நேத்து வரைக்கும் இருந்துச்சு சார்," என்றார் காளை.

"அப்போ இந்தத் தண்ணி? மோட்டார் போட்டு உங்க கிணத்துத் தண்ணியைத் திருப்பி விட்டிருக்கீங்களா?"

நான் குறுக்கே புகுந்தேன். வேர் மண்ணுக்குள்தான் இருக்கிறது, வேலை நடப்பதும் அங்கேதான் என்று வகுப்பில் சொல்வது போலச் சொன்னேன். கோபத்தில் குரல் கிறீச்சிட்டது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க இவங்களுக்கு வேண்டியவங்க. வேற யாராவது சொல்லட்டும்," என்று பையிலிருந்து பேனாவை எடுத்தார். பூட்டுச் சாவியே அவர் கையில் வந்துவிட்டது போல இருந்தது எனக்கு. அலசுகிற இடத்தில் பன்னிரண்டு பெண்களும் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள்.

"நான் சொல்றேன்," என்று வரப்பிலிருந்து ஒரு குரல்.

ஒச்சாயி. ஐம்பது வயசு, காதில் தண்டட்டி, கையில் களைக்கொத்து. போச்சு, இனி மண்ணை வாரிப் போடத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"மனுக் குடுத்தது நான்தான்யா. இவன் எனக்கு மருமகன் மொறை, ஆனா அஞ்சு மாசமாப் பேச்சு வார்த்த கெடையாது," என்றார் ஆபீசரிடம். "தெனம் விடிஞ்சதும் இந்த முனையில வந்து ஒரு செம்பு பிடிச்சுப் பாப்பேன், இவனப் பிடிச்சுக் குடுக்கத்தான். கார்த்தியில ரத்தம் கணக்கா வந்துச்சு. மார்கழியில செங்கல் கழுவுன தண்ணி. இப்ப நீங்களே பாக்குறீக. மோட்டார்னு சொன்னீகளே, இவன் கெணத்துல மோட்டார் ஓடுனா என் கெணத்துலயும் ஒரு படி தண்ணி எறங்கிப்போகும். நேத்தும் எறங்கல, இன்னைக்கும் எறங்கல. வந்து படியப் பாருங்க."

சொல்லிவிட்டுக் களைக்கொத்தால் ஒரு சம்புக் கட்டையைத் தோண்டி எடுத்து ஆபீசர் கையில் கொடுத்தார். கண்ணாடியைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தேன்; வேர் முழுவதும் சிவந்திருந்தது. வெட்டுப்பட்ட தலையிலோ ஒரே நாளில் ஒரு விரற்கடைக்குப் பச்சைக் குருத்து கிளம்பியிருந்தது. ஹாலாஸ்யம் குடையை மடக்கிக் காளையிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் அந்தக் கட்டையைப் பிடித்துப் பார்த்தார். பிறகு வரப்பேறிப் போய்க் கிணற்றுப் படியையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"இன்னும் மூணு மாசம் தர்றேன்," என்றார். "அடுத்த தடவை சொல்லாம வருவேன். சொன்னாச் செதுக்கிடறீங்க."

பெண்கள் சிரித்த சிரிப்பில் நானும் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். காளை தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

ஆபீசர் ஜீப்பில் ஏறப்போகிறவர் திரும்பி, "ஏம்மா, இவ்வளவு சொல்றீங்க. மனுவை வாபஸ் வாங்கிக்கறீங்களா?" என்றார்.

"அது எதுக்கு?" என்றார் ஒச்சாயி. "வாய்க்காத் தண்ணிதான தெளிஞ்சிருக்கு. என் கெணறு இன்னும் செவப்புத்தான். அம்புட்டுச் சாயமும் ஊறிப்போய்க் கெடக்கே. அது தெளிஞ்சு, நானே ஒரு செம்பு மொண்டு குடிச்சிட்டு, தல்லாகுளத்துக்கு வந்து வாங்கிக்கிறேன். அதுவரைக்கும் அங்கனயே கெடக்கட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. நான்கு மாதமாக நான் பாத்தியின் மறுமுனையையே பார்த்துக் கை தட்டியிருக்கிறேன். அந்தக் கிணற்றை ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

காளை குடையை ஜீப்பில் வைத்தார். வெள்ளைச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு ஒச்சாயியின் முன்னால் போய் நின்றார்.

"அயித்தை, ஒங்க கெணத்தடியில எந்தப் பக்கம் வாய்க்கா வெட்ட?" என்றார். "கெணத்துத் தண்ணிய எறைச்சு எறைச்சுச் சம்பு வழியா விட்டுப் பாப்போம். மாசக்கணக்கானாலும் நான் எறைக்கிறேன்."

"மேற்க வெட்டு," என்றார் ஒச்சாயி, அஞ்சு மாசத்துக்குப் பிறகு முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்து. "டீச்சரையும் கூட்டிட்டு வா. ஆனா அருவாள இங்கேயே வச்சிட்டு வா."