நடுவில் நிற்காத ஒரு மணி நேரம்

என் பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர் சிமென்ட் தூசி தின்றே செத்தது. அரியலூரில், லாரி ஓயாத ரோட்டில், மாடியில் ஒலிப்பதிவு அறை வைத்திருக்கிறவனின் கம்ப்யூட்டருக்கு வேறு எப்படிச் சாவு வரும்? என் மனைவி பிரவீணாவின் தம்பி சிங்கப்பூரில் தான் வைத்திருந்த மேக்கைக் கொண்டுவந்து கொடுத்தான். தூசி நுழைய வழியே இல்லை என்று பெருமையாகச் சொன்னான். தூசி மட்டுமா? பத்து வருஷமாக நான் பாட்டுப் பதிவு செய்த சாஃப்ட்வேரும் அதில் நுழையவில்லை. மேக்குக்கு அதைச் செய்யவே இல்லையாம். பழைய ஃபைல்கள் எல்லாம் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தன, ஒன்றைக்கூடத் திறக்க முடியவில்லை.

அதில் அண்ணன் அடித்த பறை மட்டும் நூறு தாளத்துக்கு மேல் இருந்தது. அண்ணன் அறிவழகனுக்கு டிப்பர் லாரிகளுக்கு வெல்டிங் வைக்கிற வேலை. பறை அவருக்குப் பிழைப்பு இல்லை. கலை இரவு, மாநாடு, நம் வீட்டு விசேஷம் என்றால் எடுப்பார். என்னிடம் வருகிற பாட்டுகளுக்கும் அவர்தான் அடித்துக் கொடுப்பார்.

புது சாஃப்ட்வேர் தேட ஒரு வாரம் போனது. மேக்கோடு இலவசமாக வந்ததில் பாட்டுப் பதிவு சுலபம்தான், ஆனால் அதிலிருந்த தாளம் பிஸ்கட் டின்னில் தட்டியதுபோல் இருந்தது. இன்னொன்றில் வெள்ளைக்காரன் டிரம் செட்டை ஒன்பது மைக் வைத்துப் பதிந்திருந்தான். பறை என்று தேடினால் ஒன்றுமில்லை. மூன்றாவதில் பறை இருந்தது. முதல் அடியிலேயே தெரிந்தது, தோலுக்குச் சூடு காட்டாமல் அடித்திருக்கிறார்கள். ஈரச் சாக்கைத் தட்டினால் அப்படித்தான் கேட்கும். அதற்குப் போய் நாலு நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள், நாசமாய்ப் போனவர்கள்.

கடைசியில் இரண்டைத் தேர்ந்தெடுத்தேன். பதிவு செய்ய, மேக்கிலும் விண்டோஸிலும் ஓடுகிற ஒன்று; இனி ஒரு கம்ப்யூட்டர் செத்தாலும் பாட்டு சாகாது. தாளத்துக்கு, உள்ளே எந்தச் சத்தமும் இல்லாத வெறும் டப்பா. அடியை ஒவ்வொன்றாகப் பதிந்து அதில் போட்டுவிட்டால் போதும். அதற்கப்புறம் எந்தத் தாளத்தையும் கீபோர்டுக் கட்டையில் தட்டியே கட்டிக்கொள்ளலாம், அண்ணன் வர வேண்டியதில்லை. அந்தக் கடைசி வசதி எனக்கு அப்போது ரொம்பப் பிடித்திருந்தது.

அறையில் பதிந்தால் லாரியும் சேர்ந்து அடிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வேலை நின்றுபோன சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளத்துக்குள் காற்றுகூட இல்லை. அண்ணன் சுள்ளி பொறுக்கித் தீ மூட்டிப் பறையைக் காய்ச்சினார். மெதுவாக ஒன்று, ஓங்கி ஒன்று, நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று என்று அறுபது அடி. ஒவ்வொரு அடிக்கும் அப்புறம் சத்தம் முழுக்க அடங்கும்வரை அவர் அசையாமல் நிற்க வேண்டும். இதற்குப் பேர் பறையா என்று சிரித்தார். ஆனால் அறுபதையும் ஒழுங்காக அடித்தார்.

பறையை உறையில் போடும்போது ஒன்று சொன்னார்.

"எதுக்கு வேணா போட்டுக்கடா. அந்தத் தெரு சாவுக்கு மட்டும் போயிடக் கூடாது."

அந்தத் தெரு எது என்று நான் கேட்க வேண்டியதில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊர்ப் பெரிய தெருவில் பஞ்சநாதனின் தாயார் கிருஷ்ணம்மாள் இறந்தபோது, எங்கள் தெரு ஆட்கள்தான் விடிந்ததிலிருந்து அடித்தார்கள். சித்திரை வெயில். மத்தியானம் அண்ணன் பறையைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். யாரைக் கேட்டு நிறுத்தினாய் என்று பஞ்சநாதன் எல்லார் எதிரிலும் கன்னத்தில் அறைந்தார். அண்ணன் திருப்பி அடிக்கவில்லை. பறையை எடுத்துக்கொண்டு நடந்தார், மற்றவர்களும் பின்னால் நடந்தார்கள். அன்றைக்கே எங்கள் தெரு கூடி, இனி அந்தத் தெருவில் எந்தச் சாவுக்கும் அடிப்பதில்லை என்று முடிவு செய்தது. அதற்காக இரண்டு வருஷம் அவர்கள் காட்டில் எங்களுக்கு வேலையே கிடைக்கவில்லை. யாரும் இறங்கிப்போகவில்லை.

பஞ்சநாதனின் மகன் ராஜதுரை என்னோடு பத்தாவதுவரை ஒரே பெஞ்சில் படித்தவன். இன்றும் அவன் என்னை நீ என்பான், நான் அவனை வாங்க என்பேன். அந்தக் கேவலத்தை நானே சொல்லிவிடுகிறேன். போன மாதம் மாடியேறி வந்து புது மேக்கைப் பார்த்து வியந்தான். தெரிந்த பையன்கள் குறும்படம் எடுக்கிறார்கள், அதில் ஒரு சாவுக் காட்சி, பறை வேண்டும் என்றான். எவ்வளவு நேரம் என்று கேட்டேன்.

"ஒரு மணி நேரம் ஓடணும். நடுவுல நிக்கக் கூடாது."

பத்து நிமிஷப் படத்துக்கு எதற்கு ஒரு மணி நேரம்? பஞ்சநாதன் படுத்த படுக்கையாகி மூன்று மாதம் என்பது ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். நான் கேட்கவில்லை. எனக்குப் புது டப்பாவை ஓட்டிப் பார்க்கிற ஆசை. அண்ணனின் அறுபது அடியை எடுத்துச் சாவு அடியைக் கட்டினேன். எந்திரத்தனமாகக் கேட்கக் கூடாதென்று சில அடியை முடியளவு பிந்த வைத்தேன். அச்சு அசல் அண்ணன். பெருமையோடு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன்.

போன வெள்ளிக்கிழமை பஞ்சநாதன் செத்தார். அரியலூரிலிருந்து வந்து ஊர் முனையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கேட்டது. பெரிய தெரு வாசலில் ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு. அந்த ஓர அடி, நீளக் குச்சியை அண்ணன் இழுத்து விடுகிற விதம், இந்த வட்டாரத்தில் வேறு யாருக்கும் வராது. எங்கள் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. சாயங்காலம் பாடை தூக்கும்வரை அது ஓடியது. ஒரு மணி நேரம் முடிந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தது.

மறுநாள் அண்ணன் மாடிக்கு வந்தார். வெல்டிங் கரி கையைக்கூடக் கழுவியிருக்கவில்லை. போடு என்றார். போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். அவர் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அறுபது அடியையும் அழிச்சிடறேண்ணே," என்றேன்.

"அவங்கிட்ட இருக்கறத?"

கீழே லாரி போய்க்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் அவர் அடித்துக்கொண்டே இருந்தார்.

"நடுவுல எங்கயாவது நிக்குதா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே."

அண்ணன் எழுந்தார். கதவருகே போய் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அன்னைக்கி ஒரு வாய்த் தண்ணிக்கு நிறுத்தினேன்டா. நீ அதுக்கும் விடலியே."