ஏழு வீடு விற்ற கோடை

இரண்டாயிரத்து ஒன்பது, மே மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. புலம்பெயர்ந்து வந்து குடியேறிய மில்லிக்கன் புறநகரில் தன் வீட்டு வரவேற்பறையில் அருள்நாயகம் இருக்கவும் மாட்டாமல் நிற்கவும் மாட்டாமல் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். யுத்தம் நடக்கும் வன்னியில் இருந்த தம்பி குடும்பத்தின் தொடர்பு நின்று பன்னிரண்டு நாள். முதல்நாள் யுத்தத்தை நிறுத்தச் சொல்லி நடந்த டவுன்ரவுன் போராட்டத்தில் கத்தியதில் தொண்டை வேறு கட்டிப்போயிருந்தது. போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டு வாசலில் ஒரு லொறி. ஜமெய்க்காக் குடும்பம் ஒன்று சாமான் இறக்கிக்கொண்டிருந்தது. அந்தத் தெருவுக்கு அது மூன்றாவது கறுப்பினக் குடும்பம்.

மூக்கில் வேர்த்ததுபோல வீடு விற்கும் ஏஜென்ட் அன்புராசா வந்துவிட்டார்.

“அண்ணை, உதைப் பாத்தியளே? இன்னும் ரெண்டு குடும்பம் வந்தால் விலை விழுந்திடும். இப்பவே வித்துப்போட்டு ஒஷாவாப் பக்கம் போங்கோ,” என்று மேசையில் கடதாசிகளைப் பரப்பினார்.

பயம் வந்தால் மனிதனுக்குப் புத்தி எங்கே நிற்கும்? பதினொரு வருடம் இரண்டு வேலை செய்து மோட்கேஜ் கடன் கட்டிய வீடு. அருள்நாயகம் பேனையை எடுத்துவிட்டார்.

“ஆறுதலா யோசியுங்கோவன்,” என்றாள் மனைவி வேரோனிக்கா. “அதுகளும் பிள்ளை குட்டியோட வந்து இறங்குதுகள். உங்களை என்ன செய்ததுகள்?”

“உமக்கு விளங்காது. சும்மா இரும்.”

அன்புராசாவுக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. “அக்கா, எனக்கு உந்தத் தொழில் அத்துப்படி. தொண்ணூற்றெட்டில இதே றோட்டில வெள்ளைக்காரற்றை கதவைத் தட்டி, ‘தமிழர் வருகினம், வீட்டுக்குப் பத்துப்பேர் இருப்பினம், கறி மணக்கும், விலை விழும்’ எண்டு சொன்னன். ஒரே கோடையில ஏழு வீடு! இந்த வீடும் அதில ஒண்டுதான். முன்வீட்டு இத்தாலிக்காரி றோசா மட்டும் அசையேல்லை.”

பேனை அப்படியே நின்றது. தாங்கள் குடிவந்த புதிதில் தெருவிலிருந்த வெள்ளைக்காரர் வரிசையாக வீட்டை விற்றுப் போனது அருள்நாயகத்துக்கு நினைவிருந்தது. வசதி கூடிப் போகிறார்கள் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தார், பாவம். அன்று தங்களைப் பார்த்துக் கையசைக்க மிஞ்சியிருந்தவள் றோசா ஒருத்திதான்.

“அப்ப, நீர் அவைக்குக் காட்டின பூச்சாண்டி நான்தானே?”

“அண்ணை, அது வியாபாரம்...”

“விலை விழுந்ததே?”

விழவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

“நேற்று முழுக்க நடுறோட்டில நிண்டு, எங்கட சனத்தையும் மனிசராப் பாருங்கோ எண்டு கத்தினன். இண்டைக்கு அயலுக்கு ஒரு சனம் வர, விட்டிட்டு ஓடப் பாக்கிறன். தூ, வெக்கக்கேடு!” என்று பேனையை மேசையில் எறிந்தார்.

அன்புராசா மசிகிற ஆளா? கடதாசிகளைச் சுருட்டிக்கொண்டு எழும்பினார். “சரி, கோவிக்காதேங்கோ. நான் மூலை வீட்டுத் தியாகலிங்கத்தாரோட ஒருக்காக் கதைச்சுப் பாக்கிறன்.”

அருள்நாயகம் செருப்பை மாட்டினார்.

“பொறும், நானும் வாறன். முதல்ல நீர் உம்மடை ‘விலை விழும்’ கதையைச் சொல்லும். பிறகு நானும் ஒண்டு சொல்லுவன்: தெருவைப் பழுதாக்கிறது வந்து குடியேறுற சனமில்லை, அதுகளைக் கண்டு பயந்து வித்துப்போட்டு ஓடுற சனம்தான்.”