பூரணத்தைத் தள்ளிவிட்டவர்

வடக்குப்பேரியில் உட்கார்ந்தவர் தானாக எழுந்து போக முடியாது. போகத் தொடங்கியவர் தானாக நிற்கவும் முடியாது. இன்னொருவர் தள்ளிவிட வேண்டும், இன்னொருவர் பிடித்து நிறுத்த வேண்டும். கையையும் வாயையும் அசைப்பது அவரவர் இஷ்டம். இடம்விட்டு இடம் போவதற்குத்தான் ஆள் தேவை. சுவரில் மோதினால் சுவர் நிறுத்தும். ஆனால் சுவர் யாரையும் தள்ளாது.

காலையில் தாய் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துப் பக்கமாகத் தள்ளிவிடுவாள். அங்கே வாசலில் ஓர் ஆசிரியை உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நிற்பார். தள்ளுகிறவரும் அதே அளவுக்குப் பின்னால் போவார் என்பதால், தள்ளுவதற்கு முன் தன் முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கிறதா என்று எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள். மளிகைக் கடைக்காரர்கள் நாள் முழுக்கச் சுவரோடு ஒட்டியே நிற்பார்கள். அவர்களுடைய சட்டை முதுகில்தான் முதலில் நைந்துபோகும்.

பூரணவல்லியைத் தினமும் தள்ளிவிட்டது அவளுடைய அண்ணன் சிதம்பரநாதன். இருவருக்குமே கல்யாணம் ஆகவில்லை; ஒரே வீட்டில் இருந்தார்கள். காலையில் பீரோவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, "போயிட்டு வா பிள்ளே" என்று தள்ளுவார். அவர் கைக்கு ஒரு கணக்கு உண்டு. தையல் கடை வாசலில் அவளைப் பிடிக்கிற முதலாளியம்மாவுக்கு ஒருநாளும் மணிக்கட்டு வலித்ததில்லை.

ஐப்பசி மழையில் அண்ணன் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். காரியத்துக்கு வந்தவர்கள் ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். ஒவ்வொருவரும் பூரணத்தை வேறு யாராவது தள்ளுவார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். கூடத்தில், வாசலுக்கு முதுகைக் காட்டிப் போட்டிருந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தே இருந்தாள்.

பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள் வேளாவேளைக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். தலை வாரிவிட்டாள். தள்ளவில்லை. ஒருவரைத் தள்ளுவதென்றால் அவரை யார் நிறுத்துவார்கள் என்றும் யோசிக்க வேண்டும். பூரணத்துக்கு அதில் வருத்தம் இல்லை. எங்கே போவது என்று அவளுக்கும் தெரியவில்லை.

அப்படி இருக்கையில் ஒரு முற்பகலில் சிலிண்டர் போடும் ஞானதுரை வந்தார். அண்ணன் உயிரோடு இருக்கும்போது சொல்லிவைத்த சிலிண்டர். வண்டிக்காரர் தெருவிலிருந்து தள்ளிவிட, சிலிண்டரைத் தோளில் வைத்தபடி நேராக உள்ளே வந்து, பூரணத்தின் நாற்காலி முதுகில் இடித்து நின்றார். சிலிண்டரை இறக்கி வைத்தார். மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு அவளுடைய முதுகில் இரண்டு கைகளையும் வைத்து ஒரு தள்ளுத் தள்ளினார்.

பூரணம் எழுந்தாள். சமையலறைக்குள் போனாள். அடுப்பு மேடை அவளை நிறுத்தியது.

எதிரே அடுப்பு இருந்தது. வெகுநாளைக்குப் பிறகு அதை அவ்வளவு பக்கத்தில் பார்த்தாள். பழைய சிலிண்டரில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பற்றவைத்து, காப்பி போட்டாள். காப்பி கொதிக்கிற வாசனை மேலே வந்தபோது அவளுக்குப் பசித்தது. பசிப்பது நன்றாக இருந்தது. ஒரு வாய் குடித்த பிறகுதான் அந்த மனிதருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று நினைவு வந்தது. திரும்பிப் பார்த்தாள். கூடத்தில் சிலிண்டர் மட்டும் இருந்தது. அதற்குப் பின்னால் வாசல் கதவு திறந்திருந்தது.

மருமகள் புழக்கடை வழியாகத் தள்ளிவிட, ஆவுடையம்மாள் சோற்றுக் கிண்ணத்தோடு வந்து சேர்ந்தாள். பூரணம் கை நீட்டி அவளை நிறுத்தினாள்.

"யாரு தள்ளுனது?" என்று கேட்டாள் ஆவுடையம்மாள்.

"சிலிண்டர்கார அண்ணாச்சி. பின்னால சுவர் இருக்கான்னு பாக்கல போல."

"சிலிண்டரோட தள்ளுனாரா, இறக்கி வச்சுட்டா?"

"இறக்கி வச்சுட்டு."

ஆவுடையம்மாள் வாசலைப் பார்த்தாள். "கனம் இல்லாமத் தள்ளியிருக்காரு. வேகமாத்தான் போயிருப்பாரு. வண்டியும் அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். உப்பளத்து ரோட்டுல ஆளே கிடையாது. அது முடியுற இடம் கடலு."

கடல் யாரையும் நிறுத்தாது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். உப்பளத்து ரோடு வரைக்கும் கடைத்தெருவில் ஆட்கள் இருப்பார்கள்தான். ஆனால் ஒருவரை இன்னொருவர் எங்கேயோ அனுப்பியிருக்கும்போது நடுவில் பிடித்து நிறுத்துவது மரியாதை இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு வருகிறவரின் முகம் தெரியாது. அவர் நிற்க விரும்புகிறாரா என்பதும் தெரியாது.

"அக்கா, என்னைத் தள்ளிவிடுங்க" என்றாள் பூரணம்.

பிளாஸ்க்கில் காப்பியை ஊற்றி, ஒரு டம்ளரும் எடுத்துக்கொண்டாள். ஆவுடையம்மாள் அடுப்பு மேடையில் முதுகைச் சாய்த்தாள்.

"அவரு போற அதே வேகத்துல தள்ளுனா ஆயுசு பூரா அவரைப் பாத்துக்கிட்டே போவ. கொஞ்சம் கூடுதலாத் தள்ளுதேன். வலிச்சாப் பொறுத்துக்கோ." முதுகில் கையை வைத்துத் தள்ளினாள். "நான் முன்னாடியே தள்ளியிருக்கணும் பூரணம்."

"சோறு போட்டீங்களே அக்கா" என்றாள் பூரணம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

கடைத்தெருவில் தெரிந்தவர்கள் வழிவிட்டார்கள். தையல் கடை முதலாளியம்மா பழக்கத்தில் கையை நீட்டினாள். பூரணம் தலையை ஆட்டியதும் மடக்கிக்கொண்டாள். பழைய புளியமரத்தைத் தாண்டியதும் ஊர் முடிந்து உப்பளம் ஆரம்பித்தது. வெயிலில் இரண்டு பக்கமும் உப்பு குவிந்து கிடந்தது. நேரான ரோட்டில், தூரத்தில், அவளைப் பார்த்த முகத்தோடு ஞானதுரை போய்க்கொண்டிருந்தார்.

அவளைக் கண்டதும் அவர் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். இருவருக்கும் நடுவில் இருந்த தூரம் மிகவும் மெதுவாகக் குறைந்தது. பேசுகிற தூரம் வருவதற்குப் பல பாத்திகள் கடந்துவிட்டன. வந்த பிறகு, ஒரு வீட்டின் கூடத்தில் எதிரெதிராக உட்கார்ந்திருப்பதைப் போலத்தான் இருந்தது.

"காப்பி கொண்டுவந்திருக்கேன் அண்ணாச்சி" என்றாள் பூரணம்.

டம்ளரில் ஊற்றி நீட்டினாள். காப்பி தளும்பவில்லை. அவர்களுக்கு நடுவில் எதுவும் அசையவில்லை. உப்பளம்தான் நகர்ந்துகொண்டிருந்தது.

அவர் ஒரு வாய் குடித்தார். "சீனி சரியா இருக்கு" என்றார்.

"என்னைத் தள்ளிவிட்டதுக்கு ஒரு வார்த்தை சொல்லாம விட்டுட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

ஞானதுரை டம்ளருக்குள் பார்த்தார். "உங்களுக்காகத் தள்ளலம்மா. பொய் சொல்லக் கூடாது. சிலிண்டரை உள்ள கொண்டுபோகணும். நீங்க நாற்காலி போட்டு வழியில இருந்தீங்க. நான் பிடிச்சுத் தள்ளிட்டேன்."

பூரணம் அதை யோசித்துப் பார்த்தாள். ஓர் உப்புக் குவியல் கடந்துபோனது. எந்த எண்ணத்தோடு தள்ளினாலும் முதுகுக்கு வந்து சேர்வது தள்ளு ஒன்றுதான். அவள் சமையலறைக்குப் போனாள், காப்பி போட்டாள், பசித்தது. அதில் எதுவும் இப்போது குறையவில்லை.

"இருந்தாலும் நான் எந்திரிச்சேன்லா அண்ணாச்சி" என்றாள்.

அவர் சிரித்தார். அவருடைய மனைவி பொன்ஜோதி மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு வாசலில் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள் என்றார். அவர் வராவிட்டால் கையை மடக்க மாட்டாள் என்றார். அதைச் சொல்லும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். காற்றில் கடல் வாசனை வந்துவிட்டது.

இப்போது இருவரும் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தார்கள். பூரணம் கணக்குப் போட்டாள். சேர்ந்து பிடித்துக்கொண்டால் சேர்ந்தே கடலுக்குப் போவார்கள். அவரைத் தள்ளினால் அவள் நின்றுவிடுவாள், அவர் இன்னும் வேகமாகப் போவார். இழுத்தால் அவர் நிற்பார், அவள் போவாள். வேறு வழி எதுவும் அந்த ரோட்டில் இல்லை.

"கையைக் குடுங்க அண்ணாச்சி."

"வேண்டாம்மா. உங்களை யாரு நிறுத்துவா?"

"நீங்க தள்ளும்போது அதை யோசிச்சீங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துத் தன் பக்கமாக இழுத்தாள். ஞானதுரை ஓர் உடைமரத்துக்குப் பக்கத்தில் நின்றார். பூரணம் அவரைக் கடந்து போனாள். திரும்பிப் பார்த்தபோது அவர் டம்ளரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருங்கம்மா!" என்று கத்தினார்.

அவளை இதுவரை ஒருவரும் அப்படிக் கத்தி வாழ்த்தியதில்லை. அவள் வேகம் இப்போது அதிகமாக இருந்தது. அவளுக்குப் பயமும் இருந்தது. ஆனால் அவள் நினைத்ததெல்லாம் அண்ணனுடைய கையைத்தான். எத்தனை வருடம் அந்தக் கை அளவாகத் தள்ளியது என்பதை இவ்வளவு வேகத்தில் போகும்போதுதான் முதுகு உணர்ந்தது. ஒருநாள்கூட அவருக்கு அதைச் சொன்னதில்லை. இப்போது சொன்னாள். உரக்கவே சொன்னாள், ரோட்டில் வேறு யாரும் இல்லை.

உப்பளம் முடிகிற இடத்தில், கடலுக்கு முன்னால், வடக்குப்பேரிக்காரர்கள் கேள்விப்பட்டிராத ஒரு மீனவர் ஊர் இருந்தது. ஊருக்குள் நுழைகிற இடத்தில் ரோட்டின் நடுவே சின்னச் சிலுவைக் கோயில் ஒன்று நின்றது. ரோடு அதற்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் இரண்டாகப் பிரிந்து, பின்புறம் மறுபடி ஒன்றாகச் சேர்ந்தது. அந்த ஊருக்கு வருகிறவர்கள் அங்கே இரண்டு ஆளாகி, இரண்டு பக்கமாகவும் வருவதுதான் வழக்கம். பூரணமும் இரண்டு பக்கமாகவும் வந்தாள்.

கோயிலுக்குப் பின்னால் வலை பின்னிக்கொண்டிருந்த தெரேசம்மா, படகில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, இரண்டு கைகளையும் நீட்டி இரண்டு பேரையும் நிறுத்தினாள். மணலில் உட்கார வைத்தாள். அவித்த பனங்கிழங்கை ஒரு தட்டில் வைத்தாள்.

"உப்பளத்து ரோட்டுல ஒரு ஆளை நிறுத்திட்டு வந்திருக்கேன்" என்று ஒரு பூரணம் சொன்னாள்.

"அவரை வீட்டுல சேக்கணும்" என்று மற்றவள் சொன்னாள்.

"அப்போ ஒருத்தி போங்க, ஒருத்தி சாப்பிடுங்க" என்றாள் தெரேசம்மா. "போறவ அவரு கையைக் கோத்துக்கிட்டா ரெண்டு பேரும் பாதி வேகத்துல ஊர் போய்ச் சேரலாம். மெதுவாத்தான் போகும்."

"போகட்டும்" என்றார்கள் இருவரும்.

தெரேசம்மா ஒருத்தியின் முதுகில் கையை வைத்து, அளவாகத் தள்ளினாள். "வர்றேன்க்கா" என்று பூரணம் வந்த வழியே போனாள். பூரணம் அவளுக்குக் கையை அசைத்துவிட்டு, பனங்கிழங்கின் நாரை உரிக்க ஆரம்பித்தாள்.