விற்றமின் போத்தலுக்குள் கிருஷாந்த்

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை பாரிஸில், நம் சனம் கூடும் லா சப்பல் பகுதி மருந்துக்கடையொன்றில் ஒட்டுக்கேட்டது. முந்நூறு பேர் வரிசை. (சரி, ஆறு பேர்.) "ரெண்டு குளிசையையும் ஒண்டாப் போடலாமோ?" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். மிச்சம் முழுக்க என் கைச்சரக்கு. ஓய்வூதியக்காரனுக்கு வேறென்ன வேலை?

2.
தொடக்கம்: 'கிருஷாந்தின் மனவானில் இருள் கவிந்த…' வேண்டாம், எனக்கே கொட்டாவி வருகிறது.

மறுபடி: உணவகச் சமையலறையில் வேலை செய்யும் கிருஷாந்த், மனச்சோர்வுக் குளிசையை விற்றமின் போத்தலில் ஒளித்து வைத்திருந்தான். நம் சனம் சலரோகத்தை, அதுதான் சர்க்கரை வியாதியை, சபையில் பெருமையாகச் சொல்லும். மனச்சோர்வென்றால் தங்கையின் கலியாணம் நின்றுவிடும்.

பகல் வேலையும் இரவு வேலையும் சேர்ந்து வந்த நாளொன்றில், கூட வேலை செய்யும் அன்ரன், தன் மகன் கவனக்குறைபாட்டுக்காகப் போடும் குளிசையை நீட்டினான்.

"போடடா மச்சான், குதிரை மாதிரி நிப்பாய்."

"ஒண்டும் செய்யாதோ?"

"பள்ளிக்கூடப் பெடியனே போடுறான். நீயென்ன அவனிலும் சின்னனோ?"

(குளிசையைக் கறிவேப்பிலை போலப் பங்கிடுவதில் நமக்கு நிகர் நாமே.)

3. அடிக்குறிப்பு, மேலேயே வந்துவிட்டது
மூளையில் சேதி சொன்ன இரசாயனங்கள் திரும்பிப் போகவேண்டும். அவன் குளிசை செரட்டோனினையும் நோரட்ரினலினையும் திரும்பவிடாமல் வாசலை மறிக்கிறது. அன்ரனுடையது டோபமினையும் அதே நோரட்ரினலினையும் மறிக்கிறது. விளைவு, மாலை ஆறு மணிக்கு கார் து நோர் ரயில் நிலைய மேடை: ரயில் வந்துகொண்டேயிருக்கிறது, ஒருவரும் வெளியேற வழியில்லை. (வைத்தியர் அளந்து இரண்டையும் சேர்த்துத் தருவதுண்டு. அன்ரன் வைத்தியரல்ல.)

4.
அன்ரன் தந்ததையும் விழுங்கிய கிருஷாந்த் நாற்பது கிலோ வெங்காயம் வெட்டினான். (நாலு.) வாய் ஓயவில்லை. "முதலாளி, உங்கடை சாம்பாறிலை நீதியில்லை!" என்றான். பிறகு வியர்த்துக் கொட்டியது, நெஞ்சு கதவுடைப்பதுபோல் அடித்தது.

அவனுக்குப் பிரெஞ்சு வராது. அப்போது கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த, பிரெஞ்சு தெரிந்த ஒரே மனிதர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனார்: அரியரத்தினம். கிருஷாந்தின் தங்கைக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளையின் தகப்பன்.

(வேறு ஆளை அனுப்பியிருக்கலாம். அனுப்பமாட்டேன்.)

5.
வைத்தியர் கேட்டார். அரியரத்தினம் தமிழாக்கினார்: "தம்பி, வேறை என்னென்ன குளிசை போடுறனீர்? மறைக்காமல் சொல்லட்டாம். தெரியாமல் மருந்து குடுத்தால் ஆபத்தாம்."

முடிவு அ: சொல்கிறான். நெஞ்சு தப்பும், கலியாணம் தப்பாது.

முடிவு ஆ: "விற்றமின் மட்டும்." வைத்தியர் நம்பிக்கொண்டு…

முடிவு இ: சொல்கிறான். "நானும் அதுதான் போடுறனான்," என்று அரியரத்தினம் கண்கலங்குகிறார். எழுதிக் கிழித்துவிட்டேன். நான் புளுகன்தான், அவ்வளவு பெரிய புளுகனில்லை.

கிருஷாந்த் இன்னும் வாய் திறக்கவில்லை. வாசகரே, உங்களுக்குக் கொஞ்சமாவது பிரெஞ்சு தெரியுமென்றால் உடனே உள்ளே வாருங்கள். அரியரத்தினத்தை நான் கோப்பி குடிக்க வெளியே கூட்டிப்போகிறேன்.