முறுக்கிக்கொண்ட பாக்டீரியா

விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் நின்றபடியே திண்டிவனம் கல்லூரிக்கு வந்த கலையரசி, பையைக்கூட இறக்காமல் ஆய்வகத்தின் நீல விளக்கைப் போட்டாள். முகம் சுண்டிப்போனது. உப்பு போட்ட குடுவை பச்சையாக ஒளிர்ந்தது, அது சரி. உப்பே போடாத குடுவையும் ஒளிர்ந்துகொண்டிருந்தது!

அவளுடைய ஆராய்ச்சியே அந்த வித்தியாசத்தை நம்பித்தான் இருந்தது. கயிற்றை அதன் புரிக்கு எதிராக முறுக்கினால் இழைகள் நெகிழ்ந்து பிரியும். டிஎன்ஏவும் அப்படித்தான். வெளியே உப்பு அதிகமாகி உள்ளிருக்கும் தண்ணீரை இழுத்தால், பாக்டீரியா தன் டிஎன்ஏவை எதிர்ப்பக்கமாக இன்னும் முறுக்கிக்கொள்ளும். அப்போது சில மரபணுக்களின் வாசல் சுலபமாகத் திறக்கும். அப்படி ஒரு வாசலுக்குப் பின்னால்தான் ஒளிரும் புரதத்தின் மரபணுவைக் கலையரசி பொருத்தியிருந்தாள்.

"உப்பு டப்பாவ நீதான தொட்ட?" என்று பக்கத்து மேசை சித்தார்த்தன்மேல் பாய்ந்தாள்.

"அநியாயமா பேசாத. என் கதையே பேஜாரா கீது. ஈஸ்ட்டு பொங்கவே மாட்டேங்குது."

முறுக்கேற்றும் நொதியை முடக்கும் மருந்தை, அதே உப்பில்லாத ஊட்டக்கரைசலில் புதிதாக வளர்த்த பாக்டீரியாவில் கலந்து பார்த்தாள். பச்சை மங்கிவிட்டது. ஆக, வாசலைத் திறந்தது முறுக்குதான். ஆனால் உப்பில்லாமல் முறுக்கிவிட்டது யார்?

பதில் மேசையில் ஊர்ந்தது. மீந்திருந்த ஊட்டக்கரைசல் சிந்திய இடத்தை எறும்புகள் மொய்த்துக்கொண்டிருந்தன.

"சித்தார்த்தா, உன் ஈஸ்ட்டுக்கு எவ்ளோ சர்க்கரை போட்ட?"

"அள்ளிக் கொட்னேன். ஏன்?"

கிருமி நீக்க ஆவியில் வைத்தபோது இருவருடைய கரைசல் குடுவைகளிலும் பெயர் எழுதிய பேனா மை அழிந்துபோயிருந்தது. அவனுடைய சர்க்கரைக் கரைசலை அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடையதில் அவன் ஈஸ்ட் பட்டினி கிடந்தது. கலையரசிக்கு வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "சாரிடா," என்றாள்.

நடந்ததைக் கேட்ட அவளுடைய பேராசிரியர் பிரபாவதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "சர்க்கரையும் தண்ணிய இழுக்கும் இல்ல? உப்புனு இல்லம்மா, அந்த நெருக்கடிதான் முறுக்க வெக்குது. தெரிஞ்ச விஷயந்தான். ஆனா ஒழுங்கா திரும்பச் செஞ்சா உன் ஆய்வுக்கு நல்ல பலம்."

"நாளைக்கே பண்றேன் மேடம்!"

செய்தாள். உப்புக் குடுவை பச்சை, சர்க்கரைக் குடுவை பச்சை. எதுவும் சேர்க்காத குடுவை கும்மிருட்டு. அந்த இருட்டைப் பார்த்துக் கலையரசி கைதட்டிக் குதிக்க, பின்னால் சித்தார்த்தனின் ஈஸ்ட் நுரைத்துப் பொங்கி, பஞ்சு அடைப்பை டப்பென்று தள்ளிவிட்டது.